வரி வண்டைக் கொல்லாதீர்கள்

போன ஆவணியில் ஊருக்குப் போயிருந்தேன். காலையில் காபி குடித்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, அண்ணன் மகன் ஸ்பிரேயரை முதுகில் மாட்டிக்கொண்டு கொல்லைக்குக் கிளம்பினான்.

"எதுக்குடா இவ்வளவு காலையில?"

"வரப்பு ஓரம் பூரா ஒரு வண்டு மொய்க்குது சித்தப்பா. தக்காளியில இறங்கறதுக்குள்ள அடிச்சிடறேன்."

கூடவே நடந்து போனேன். வரப்பில் இடுப்பு உயரத்துக்குப் பார்த்தீனியம். இலையெல்லாம் அரிக்கப்பட்டு, குச்சிதான் மிச்சம். அதன்மேல் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாக, வெளிர் மஞ்சள் முதுகில் கறுப்பு வரி வரியாகப் போட்ட வண்டுகள். பக்கத்தில் தக்காளிச் செடி ஒன்றில்கூட அவை இல்லை. எனக்கு முப்பது வருஷம் பின்னால் போய்விட்ட மாதிரி இருந்தது. "டேய், அதை இறக்கி வை. முதல்ல நான் சொல்றதைக் கேளு" என்றேன். அவனிடம் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன். நம் வாசகர்களில் பலருக்கு இன்னும் கொஞ்சம் நிலம் இருக்கிறது. நிலம் இல்லாதவர்களுக்கும் நிலம் வைத்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

எங்கள் ஊர் ராயக்கோட்டைப் பக்கம். பெங்களூர் தூரமில்லை. பார்த்தீனியம் எங்கள் சிறு வயதில் கிடையாது. அமெரிக்கக் கண்டத்துச் செடி அது. 1955இல் புனேயில் முளைத்திருப்பதைக் கண்டு எழுதினார்கள். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த கோதுமையோடு விதையும் வந்தது என்பது பொதுவான பேச்சு. காங்கிரஸ் புல் என்று வடக்கே அதற்குப் பெயர் வைத்தார்கள். ஒரு செடி பத்தாயிரம் விதைக்கு மேல் போடும். மழை விழுந்தால் முளைத்து, ஐந்தாறு வாரத்தில் பூத்துவிடும். ஆடு மாடு தொடாது. பசிக்குத் தின்றால் பால் கசக்கும்.

அந்தச் செடியைத் தின்பதற்கென்றே ஒரு வண்டை மெக்சிகோவிலிருந்து 1983இல் பெங்களூருக்குக் கொண்டுவந்தார்கள். கொண்டுவந்தது அங்குள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம். முதலில் அடைத்து வைத்து, பயிர்களைத் தின்கிறதா என்று பரிசோதித்துவிட்டு, 1984இல் வெளியே விட்டார்கள். மூன்று நான்கு வருஷம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு பெங்களூரைச் சுற்றிப் பார்த்தீனியம் மொட்டையாக நிற்க ஆரம்பித்தது. வண்டு ஊர் ஊராகப் பரவி, எங்கள் பக்கமும் வந்தது. இதெல்லாம் எனக்குப் பின்னாளில் படித்துத் தெரிந்தது. அன்றைக்கு ஊரில் ஒருவருக்கும் தெரியாது. குறை அங்கேதான் ஆரம்பம்.

தொண்ணூறுகளின் தொடக்கம். நான் தபால் துறையில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைதான் ஊருக்கு வருவேன். அப்பா ஒரு ஏக்கரில் சூரியகாந்தி போட்டிருந்தார். "மெக்சிகோ வண்டு சூரியகாந்தியைத் தின்னுதாம், அடுத்து எல்லாப் பயிரையும் தின்னுமாம்" என்று பேச்சு கிளம்பியிருந்தது. நான் போய்ப் பார்த்தால், எங்கள் கொல்லையிலும் நாலைந்து இலையில் ஓட்டை. இரண்டு மூன்று வரி வண்டு. மருந்துக் கடையில் கேட்டேன். கொடுத்ததை வாங்கி வந்து, சூரியகாந்திக்கும் அடித்து, வரப்பிலும் புறம்போக்கிலும் வண்டு மொய்த்துக் கிடந்த பார்த்தீனியத்துக்கும் சேர்த்து அடித்தேன். அப்பா, "அது களையைத்தானேடா திங்குது, விட்டுத் தொலையேன்" என்றார். படித்தவன் என்ற திமிர் எனக்கு. மறுநாள் தரையெல்லாம் வண்டு செத்துக் கிடந்ததைப் பார்த்துப் பெருமைகூடப் பட்டேன்.

சூரியகாந்திப் புகார் வந்ததும் அரசு ஒரு குழுவை வைத்து ஆராய்ந்தது. வண்டு விடுவதும் சில காலம் நிறுத்தி வைக்கப்பட்டது. கடைசியில் தெரிந்தது இதுதான்: பக்கத்துப் பார்த்தீனியம் தீர்ந்து பசி மிகும்போதும், அதன் மகரந்தம் படிந்த இலையிலும், வண்டு கொஞ்சம் கொறிக்கிறது. சூரியகாந்தியை நம்பி அது பிழைத்துப் பெருக முடியாது.

இதைவிட வேடிக்கை பிறகு நடந்தது. 1997இல் கர்நாடகத்தில் பாகேபள்ளிப் பக்கம் சூரியகாந்தி கருகிக் கொத்துக் கொத்தாகச் சாய ஆரம்பித்தது. ஒரு வைரஸ் நோய். மற்ற இடங்களுக்கும் பரவியது. 2000இல் அனந்தப்பூரில் கடலைக்கும் அதே வைரஸ் வந்தது. அந்த வைரஸ் எங்கே குடியிருக்கிறது என்று தேடினால், பார்த்தீனியத்தில்! செடிக்கு ஒரு நோயும் தெரியாது. அதன் மகரந்தம் இலைப்பேன்களோடு ஒட்டிக்கொண்டு பக்கத்துப் பயிருக்குப் போய்ச் சேர்கிறது. நாங்கள் சூரியகாந்தியைக் காப்பாற்ற வண்டைக் கொன்றோம். சூரியகாந்திக்கு எமன் அந்த வண்டு தின்றுகொண்டிருந்த செடியில் இருந்தான். எங்கள் ஊரில் சூரியகாந்தி போனதற்கு விலை இல்லாததும் காரணம், மறுக்கவில்லை. ஆனாலும் இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஏனென்றால் அதற்குள் அப்பாவுக்கு அரிப்பு வந்திருந்தது. கண் இமையில் தொடங்கி, கழுத்து, முழங்கை மடிப்பு. வெயிலில் போனால் எரியும். தோல் யானைத் தோல் மாதிரி தடித்துப்போனது. பார்த்தீனியம் ஒவ்வாமை என்று டாக்டர் சொன்னார். மாத்திரை, களிம்பு எல்லாம் போட்டும், கொல்லைக்குப் போனால் மறுபடியும் வரும். "ஊரை விட்டு இருந்தால்தான் சரியாகும்" என்றார்கள். டவுனில் என் குவார்ட்டர்ஸில் கொண்டுவந்து வைத்தேன். பதினைந்து நாள் தாங்கவில்லை; "மாட்டைப் பார்க்கணும்" என்று பஸ் ஏறிவிட்டார். கடைசிவரைக்கும் சொறிந்துகொண்டேதான் இருந்தார். நான் மருந்தடித்த ஒரு ஏக்கரால்தான் அது வந்தது என்று சொல்ல மாட்டேன். ஊர் முழுக்கச் செடி இருந்தது. ஆனால் அவர் விட்டுவிடச் சொன்னதைக் கேட்காமல் அடித்த கை என்னுடையது.

பூச்சியைக் கொண்டு செடியை அழிப்பது நமக்குப் புதிது இல்லை. சப்பாத்திக்கள்ளியை நினைத்துப் பாருங்கள். நம் தாத்தாக்கள் காலத்தில் தென்னாட்டில் எத்தனை நிலம் அதனிடம் போய்விட்டிருந்தது! சாயத்துக்காகப் பூச்சி வளர்க்க வேண்டும் என்று கும்பினிக்காரர்களுக்கு ஆசை. கள்ளியில் வளரும் பூச்சி அது. நசுக்கினால் ரத்தச் சிவப்பாகச் சாறு வரும். டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சென்னை சைதாப்பேட்டையில் அதற்கென்று கள்ளித் தோட்டமே போட்டார். 1795இல் பிரேசிலிலிருந்து பூச்சி வந்தது. ஆனால் வந்தது நல்ல சாயப்பூச்சி இல்லை; அதன் பங்காளி. சாயம் தேறவில்லை, கள்ளியில் ஒரு வகையை மட்டும் தின்று தீர்த்தது. பின்னாளில் அதைத் தெரிந்தே இலங்கைக்கும் கொண்டுபோய்க் கள்ளியை அழித்தார்கள். மிச்சமிருந்த இன்னொரு வகைக் கள்ளிக்கு 1926இல் இலங்கையிலிருந்து வேறொரு பூச்சி வந்தது. ஐந்தாறு வருஷத்தில் காடுகாடாக நின்ற கள்ளி சாய்ந்தது. கள்ளிமேல் பஞ்சு அப்பின மாதிரி வெள்ளை வெள்ளையாக இருக்கும் என்று என் தாத்தா சொல்வார். ஆஸ்திரேலியாக்காரர்கள் தங்கள் கள்ளியைத் தின்ற அந்துப்பூச்சிக்கு நன்றி சொல்லி பூனார்கா என்ற ஊரில் ஒரு மண்டபமே கட்டியிருக்கிறார்கள்.

"அப்படியென்றால் நாற்பது வருஷமாக வண்டு இருந்தும் பார்த்தீனியம் ஏன் ஒழியவில்லை?" என்று அண்ணன் மகன் கேட்டான். நியாயமான கேள்வி. கள்ளி மெதுவாக வளரும்; பூச்சி வருஷம் முழுக்க அதிலேயே ஒட்டிக்கொண்டு உறிஞ்சும். பார்த்தீனியம் அப்படியில்லை. விதை மண்ணில் வருஷக்கணக்கில் காத்திருக்கும். தண்ணீர் கண்ட இடத்தில் எல்லா மாதமும் முளைக்கும். வண்டோ மழைக்காலத்துப் பிராணி. ஆனி ஆடியில் வெளியே வந்து, இலைக்கு அடியில் முட்டை வைத்து, புழு குருத்தையும் மொட்டையும் தின்று, மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி, ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை வரும். ஐப்பசி கார்த்திகைக்குமேல் பெரும்பாலானவை மண்ணுக்குள் போய்த் தூங்கிவிடும். அந்த ஆறு மாதமும் செடிக்குக் கேட்பாரில்லை.

ஆகவே வண்டு பாதி வேலைதான் செய்யும். மீதிப் பாதி நம்முடையது. மழை பெய்து மண் இளகியதும், பூ வருவதற்குமுன், கையில் உறை போட்டு வேரோடு பிடுங்க வேண்டும். உறை இல்லையென்றால் பிளாஸ்டிக் பையாவது கட்டிக்கொள்ளுங்கள். கூலிக்கு வரும் பெண்களை வெறுங்கையோடு பிடுங்க விடாதீர்கள். பூக்காத செடியைக் குழியில் போட்டு மக்க வைத்தால் எரு. பயிர் இல்லாத இடத்தில் லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் கல்லுப்பு கரைத்துத் தெளித்தால் கருகும். பயிர் நிலத்தில் உப்பு வேண்டாம். வரப்பில் துத்தி, கொழிஞ்சி வளரவிட்டால் பார்த்தீனியத்துக்கு இடம் கொடுக்காது. வண்டு நிறைய இருக்கும் ஆவணி புரட்டாசியில் கொஞ்சம் பிடித்து, ஓட்டை போட்ட டப்பாவில் வைத்து, செடி மண்டிய இடத்தில் கொண்டுபோய் விடுங்கள். காசு செலவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெஞ்சில் உட்காரும் நண்பர்கள், "சீமைக்கருவேலத்துக்கும் ஒரு பூச்சி கொண்டுவந்து விட்டால் என்ன?" என்கிறார்கள். அவசரம் வேண்டாம் என்பேன். பூச்சிக்கு வேலி தெரியாது, பட்டா தெரியாது. ஆஸ்திரேலியாவில் நல்லது செய்த அதே அந்துப்பூச்சியை 1957இல் கரீபியன் தீவுகளில் விட்டார்கள். அது 1989இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் போய் நின்று, அங்கே சொந்தமாக முளைத்த கள்ளிகளைத் தின்கிறது. ராமநாதபுரத்தில் சீமைக்கருவேலங் கரியை நம்பி எத்தனையோ குடும்பம் சாப்பிடுகிறது. அவர்களைக் கேட்காமல் மரத்தைத் தின்னும் பூச்சியை விட முடியுமா? விட்டபிறகு திரும்பக் கூப்பிடவும் முடியாது.

அதனால் என் கட்சி இதுதான். பூச்சியைச் சோதித்து விடட்டும். ஆனால் விடுவதற்குமுன் ஊரில் தண்டோரா போட்டு, வண்டைக் கையில் வைத்துக் காட்டி, "இது இதைத் தின்னும், இதைத் தின்னாது" என்று சொல்லட்டும். அன்றைக்கு யாராவது எங்கள் திண்ணையில் உட்கார்ந்து பத்து நிமிஷம் சொல்லியிருந்தால் நான் ஸ்பிரேயரைத் தூக்கியிருக்க மாட்டேன். கேட்காமல் அடித்தது என் தப்பு, அதையும் மறைக்கவில்லை.

அண்ணன் மகன் அன்றைக்கு மருந்தை அடிக்கவில்லை. "நீங்க சொல்றீங்களேன்னு விடறேன், தக்காளியில ஒண்ணு ஏறினாலும் அடிச்சிடுவேன்" என்றான். போன வாரம் போனில் கேட்டேன். தக்காளியில் ஏறவில்லையாம். வரப்பை மட்டும் இன்னும் பிடுங்கவில்லை, ஆள் கிடைக்கவில்லை என்கிறான். அடுத்த மழைக்கு நானே உறை வாங்கிக்கொண்டு போகலாம் என்றிருக்கிறேன். குனிந்தால் முதுகு பிடிக்கும். பரவாயில்லை, உட்கார்ந்து பிடுங்கலாம்.