வீடு மாறினால் விலாசம் சொல்லிவிட்டுப் போங்கள்

தபால் துறையில் முப்பத்தாறு வருஷம் குப்பை கொட்டியவன் நான். விலாசத்தை யாராவது அலட்சியம் செய்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். இந்த முறை கோபம் இணையதள விலாசங்களைப் பற்றி.

இணையப் பக்கத்தில் நீல நிறத்தில் அடிக்கோடிட்ட வரியைத் தொட்டால் இன்னொரு பக்கம் வருகிறது. இதில் மந்திரம் ஒன்றுமில்லை. அந்த வரிக்குப் பின்னால் ஒரு விலாசம் எழுதியிருக்கும். அதன் முதல் பகுதி தளத்தின் பெயர். ஊர்ப் பெயர் மாதிரி. வாடிப்பட்டிக்கு 625218 என்று பின்கோடு இருப்பதுபோல அந்தப் பெயருக்கும் ஓர் எண் உண்டு. பிரவுசர் அந்த எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த சர்வரின் வாசலில் போய் நிற்கும். சாய்கோட்டுக்குப் பிறகு வருவது தெருவும் கதவு எண்ணும். கேட்ட கதவு இருந்தால் பக்கம் கிடைக்கும். இல்லாவிட்டால் '404'. எங்கள் தபால்காரர் பாஷையில் 'லெஃப்ட்', அதாவது ஆள் காலி செய்துவிட்டார்.

ஒருவர் வீடு மாறும்போது புது விலாசத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால், பழைய விலாசத்துக்கு வரும் கடிதத்தில் அதை அடித்துவிட்டுப் புதியதை எழுதி அனுப்புவோம். அதற்கு 'ரீடைரக்ட்' என்று பெயர். இணையத்திலும் அதே வேலைக்கு அதே பெயர்தான்! அதற்கான எண் 301. 'நிரந்தரமாக இடம் மாறிவிட்டோம், இங்கே வாருங்கள்' என்று பொருள். பழையது எது, அதற்குப் புதியது எது என்று சர்வரில் ஒரு பட்டியல் எழுதிவைத்தால் போதும்.

இந்தச் சின்ன வேலையைத்தான் செய்ய மாட்டேன் என்கிறார்கள்.

ஓர் அலுவலகம் வெளியிட்டிருந்த குடும்ப பென்ஷன் படிவத்தின் விலாசத்தைத் தாளில் எழுதி, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவந்தோம். திடீரென்று தளத்துக்குப் புது பெயிண்ட் அடித்தார்கள். மேலே வண்ணப் படங்கள் ஓடுகின்றன. படிவத்தைக் காணோம். கச்சைகட்டியிலிருந்து பஸ் ஏறி வந்த ஓர் அம்மா, ஜெராக்ஸ் கடையில் அந்தத் தாளை நீட்டினார். கடைத் தம்பி, "இந்த லிங்க் வேலை செய்யலம்மா" என்று சொல்லிவிட்டுத் தேடிப் பார்த்தான். முதலில் வந்தது யாரோ ஒரு புரோக்கரின் தளம். இலவசப் படிவத்துக்கு 300 ரூபாய் கேட்டது.

"கூகுளில் தேடிக்கொள்ளலாமே" என்று சுலபமாகச் சொல்லுகிறவர்களுக்கு இதுதான் பதில். விலாசம் தெரிந்தவன் நேரே வீட்டுக்குப் போவான். விலாசம் தொலைந்தவன் தெருமுனையில் நிற்கிற தரகனிடம்தான் மாட்டுவான்.

"சாஃப்ட்வேர் மாறிவிட்டது சார்" என்று இன்னொரு சமாதானம். மாறட்டும். தபால் நிலையத்தின் கட்டடத்தை இடித்துக் கட்டினால் ஊர்க்காரர்களின் விலாசமுமா மாறுகிறது? வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீயே 1998ல் இதைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதி, நல்ல விலாசம் மாறக் கூடாது என்று வாதாடினார். அதே வருஷம் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து ஏற்றினார்கள். ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வரிசை எண். பிற்பாடு எழுத்துமுறை டிஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு மாறியது. நூலின் எண் மாறவில்லை. அவர்களால் முடிந்தது, சம்பளமும் சர்வரும் உள்ளவர்களால் முடியாதா?

மாறாக, 2009 அக்டோபரில் யாஹூ தன் ஜியோசிட்டீஸ் தளத்தை மூடியது. தமிழர்கள் பலர் ஆரம்ப காலத்தில் பக்கங்கள் போட்டுவைத்திருந்த இடம் அது. ஆர்வலர்கள் நகலெடுத்துக் காப்பாற்றியது போக, மற்றது போனது போனதுதான். அவற்றைச் சுட்டிய இணைப்புகள் எல்லாம் ஆளில்லாத வீட்டுக்கு வழிகாட்டும் கைகாட்டி மரங்களாக நின்றன.

இணைப்புக் கொடுப்பவன் உங்களை நம்பித்தான் கொடுக்கிறான். நீங்கள் விலாசத்தைக் கலைத்தால், பொய்யனாவது அவன், அலைவது படிக்கிறவர்.

புதுத் தளத்துக்குப் பணம் ஒதுக்கும் அதிகாரிகளே, ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரி சேருங்கள்: பழைய விலாசங்கள் அத்தனையும் சரியான பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தால்தான் கடைசித் தவணை. பிறகு பாருங்கள், பட்டியல் ஒரே வாரத்தில் தயாராகும்.