லாஸ் வேகஸ் என்றால் புல்வெளி!

லாஸ் வேகஸ் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? சூதாட்டம், கலர் கலராய் விளக்குகள், ஒரே ராத்திரியில் பணத்தைத் தொலைக்கும் ஹாலிவுட் கதாநாயகன். ஆனால் ஸ்பானிய மொழியில் அந்தப் பெயருக்கு அர்த்தம் 'புல்வெளிகள்'. வருடத்துக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் மழை பெய்யும் பாலைவனத்துக்குப் போய் யாராவது இப்படிப் பெயர் வைப்பார்களா?

காரணம் இருந்தது. அந்தப் பள்ளத்தாக்கில் நிலத்தடியிலிருந்து தண்ணீர் ஊற்றாகப் பொங்கிக்கொண்டிருந்தது. அதை நம்பித்தான் ரயில் வந்தது, 1905-ல் ஊரும் வந்தது. அப்புறம் கிணறுகள், ஆழ்துளைகள், அதைவிட ஆழமான ஆழ்துளைகள்... 1962-ல் அந்த ஊற்றுகள் நின்றே போயின. இது எல்லா ஊரிலும் கேட்கிற கதைதான். நான் சொல்ல வந்தது இதற்கு முந்தைய கதை.

நகரத்தின் வடக்கு ஓரத்தில் டூலே ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில் வெளுத்துப்போன மண்மேடுகள் இருக்கின்றன. பார்த்தால் ஒன்றுமே இல்லாத பொட்டல். ரொம்ப நாளாக இது ஒரு பெரிய பழைய ஏரியின் அடிமண் என்றுதான் நினைத்தார்கள். பிறகுதான் தெரிந்தது, இது ஏரி அல்ல, சதுப்பு நிலம் என்று. நிலத்தடி நீர் மேலே வந்து மண்ணை ஈரமாக்க, செடிகள் வளர, காற்றில் வந்த தூசியை அந்த ஈரமும் செடிகளும் பிடித்து வைக்க, அப்படி அடுக்கடுக்காய் உருவானது. மக்கிய தாவரங்களால் கறுத்த அடுக்கு, சுண்ணாம்பு படிந்த அடுக்கு, குட்டி நத்தை ஓடுகள் நிறைந்த அடுக்கு எல்லாம் இருக்கின்றன. கூடவே மாமத் யானை, ஒட்டகம், குதிரை, காட்டெருமை, அமெரிக்கச் சிங்கம் ஆகியவற்றின் எலும்புகளும்!

ஈரமான காலத்தில் அடுக்கு சேரும். வறண்ட காலத்தில் சேர்வது நின்றுபோய், இருப்பதும் அரித்துக்கொண்டு போகும். ஆக அந்த மண்மேடு ஒரு வரவு செலவுக் கணக்கு நோட்டு. நத்தை ஓட்டையும் கரித்துண்டையும் ரேடியோகார்பன் முறையில் சோதித்தால் எந்தப் பக்கம் எந்த ஆண்டு என்றும் தெரிந்துவிடும்.

அமெரிக்க நிலவியல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த கேத்லீன் ஸ்பிரிங்கர், ஜெஃப்ரி பிகாட்டி குழுவினர் 2015-ல் வெளியிட்ட ஆய்வு இந்த நோட்டைத்தான் படித்தது. கடந்த 35,000 ஆண்டுகளில் அந்தச் சதுப்புகள் பலமுறை விரிந்திருக்கின்றன, பலமுறை அடியோடு வறண்டிருக்கின்றன. கிரீன்லாந்து பனிப்பாளங்களில் திடீர் வெப்பமயமாதல் என்று பதிவான காலங்களோடு அந்த வறட்சிகள் ஒத்துப்போகின்றன. எங்கோ கிரீன்லாந்தில் சூடு ஏறினால் நெவாடாவில் ஊற்று செத்துப்போகிறது!

என்னைப் பொறுத்தவரை இதில் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. அப்போது போர்வெல் கிடையாது, நீச்சல்குளம் கிடையாது, கால்ஃப் மைதானம் கிடையாது. ஒரு சொட்டுகூட யாரும் உறிஞ்சவில்லை. பருவநிலை மாறியதே போதுமானதாக இருந்தது. இன்றைக்கு அதே பாலைவனங்களில் மிச்சமிருக்கும் ஊற்றுகளுக்கு இரண்டு பக்கமும் அடி: மேலே சூடு, கீழே மோட்டார். "நிலத்தடி நீர் பத்திரமான சேமிப்பு, கஷ்டகாலத்தில் எடுத்துக்கொள்ளலாம்" என்று சொல்பவர்கள் அந்த மண்மேட்டை ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும்.

லாஸ் வேகஸ் இப்போது தன் தண்ணீரில் சுமார் 90 சதவீதத்தை கொலராடோ ஆற்றிலிருந்து எடுக்கிறது. அந்த ஆற்றின் மீட் ஏரி 2022 ஜூலையில் கொள்ளளவில் கால்வாசிக்குச் சற்று மேல் என்ற அளவுக்கு இறங்கியது. கிழக்கு நெவாடாவின் நிலத்தடி நீரைச் சுமார் 480 கிலோமீட்டர் குழாய் போட்டுக் கொண்டுவரும் திட்டம் 1989-லேயே தொடங்கி, வழக்குகளில் இழுபட்டு, 2020-ல் கைவிடப்பட்டது. கைவிட்டது சரி என்பதுதான் என் கட்சி. அந்தக் குழாய் வந்திருந்தால் இன்னொரு பள்ளத்தாக்கின் புல்வெளியும் வெறும் பெயராக மிஞ்சியிருக்கும்.

நகரம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. வீட்டுக்குள் பயன்படுத்தும் தண்ணீரை அநேகமாக முழுவதும் சுத்திகரித்து ஏரிக்கே திருப்பி அனுப்புகிறார்கள். சாலையோரங்களிலும் வணிக வளாகங்களிலும் சும்மா அழகுக்கு வளர்க்கும் புல்லுக்கு, 2027 முதல் ஆற்றுத் தண்ணீர் கிடையாது என்று 2021-ல் சட்டமும் போட்டார்கள். ஆனால் புல்லை எடுப்பது சுலபம். "இவ்வளவு தண்ணீருக்கு இவ்வளவு ஊர்தான்" என்று சொல்வதுதான் கஷ்டம்.

இன்னொன்று. அந்த மண்மேடுகளும் வீட்டுமனைகளாக மாறியிருக்க வேண்டியவை. உள்ளூர் மக்கள் விடாமல் போராடியதால் 2014-ல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டன. கோயில், கோட்டை என்றால் காப்பாற்ற ஆள் வரும். வெறும் மண்ணுக்கு யார் வருவார்கள் நண்பர்களே? அங்கே வந்தார்கள். ஒரு ஊருக்குத் தண்ணீர் எப்போது வந்தது, எப்போது போனது என்று சொல்லும் ஒரே சாட்சி அந்த மண்தான் என்றால், அதன்மேல் வீடு கட்டுவதற்கு முன் ஒரு தடவையாவது படித்துவிட வேண்டாமா?