மூன்று கட்டை வெளிச்சம்

டார்ச் லைட் சேகரிப்பதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்களில் வயதானவர்கள் இருவர் சேர்ந்தால் போதும், பேச்சு பல்பு எரிந்த காலத்துக்குப் போய்விடும். நம் ஊரிலும் அந்த நினைவு இல்லாத வீடு குறைவு. இரண்டு கட்டை, மூன்று கட்டை, ஐந்து கட்டை என்று டார்ச்சின் நீளத்தை வைத்தே வீட்டின் வசதியை எடைபோட்ட காலம் அது. தீர்ந்த பேட்டரியை வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு ராத்திரி ஓட்டுவது சிக்கனம் மட்டுமல்ல, ரசாயனமும்தான். சூடு ஏறினால் செத்த செல்லும் கொஞ்சம் மூச்சுவிடும்.

இரண்டு கட்டை டார்ச்சின் சாதாரண பல்பு தந்தது ஏறக்குறைய 10 லூமன் வெளிச்சம். மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகவே வீணாகும். 1899-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற முதல் டார்ச்சுகள் இன்னும் மோசம். பேட்டரி தாங்காததால் விட்டுவிட்டுத்தான் எரிய வைக்க முடியும். அமெரிக்கர்கள் அதை 'ஃப்ளாஷ் லைட்' என்று அழைப்பது அதனால்தான்.

1979-ல் டோனி மாக்லிகா அலுமினியத்தில் கடைந்தெடுத்த மேக்லைட் வந்தது. அமெரிக்க போலீஸ்காரர்களுக்கு அது விளக்காகவும் இருந்தது, தடியாகவும் இருந்தது. அடிமூடிக்குள் ஒரு உபரி பல்பு ஒளிந்திருக்கும். அந்த உபரி பல்பைப் பற்றிப் பேசும்போது பழைய ரசிகர்களின் குரலே மாறிவிடும்.

மாற்றத்தின் விதை ஜப்பானில் விழுந்தது. நிச்சியா நிறுவனத்தில் ஷூஜி நாகமுரா 1993-ல் பிரகாசமான நீல எல்இடியை உருவாக்கினார். அதன்மேல் மஞ்சள் பாஸ்பரைப் பூசியதும் 1996-ல் வெள்ளை வெளிச்சம் கிடைத்தது. (நாகமுராவுக்கு நிறுவனம் முதலில் தந்த வெகுமதி 20,000 யென். வழக்குப் போட்ட பிறகு 2005-ல் 84 கோடி யென்னுக்குச் சமரசம். 2014-ல் நோபல் பரிசில் பங்கு.) லித்தியம் பேட்டரியும் சேர்ந்துகொண்டதில் இன்று உள்ளங்கைக்குள் அடங்கும் விளக்கு 1,000 லூமனைச் சர்வசாதாரணமாகக் கக்குகிறது.

ஆனாலும் ரசிகர்களுக்கு இரண்டு குறைகள் உண்டு. இரண்டுமே வெறும் ஏக்கமல்ல. பேட்டரி தீரும்போது பழைய பல்பு மஞ்சளாகி, செம்பழுப்பாகி, 'வீடு போய்ச் சேர்' என்று அரை மணி முன்பே சொல்லிவிடும். வெளிச்சம் குறையாதபடி மின்சாரத்தைச் சீராக்கும் எல்இடி டார்ச்சுகள் பல, கடைசிவரை பளிச்சென்று எரிந்துவிட்டுப் பாதி வழியில் கைவிடும்.

இரண்டாவது குறை நிறம். மலிவான எல்இடியின் நீலம் பாரித்த வெளிச்சத்தில் சிவப்பும் பழுப்பும் சோகை பிடித்து நிற்கும். சருகின் மேல் சுருண்டு கிடக்கும் பழுப்புப் பாம்பு சருகாகவே தெரியலாம். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடிக்கு சுமார் 12 லட்சம் பேர் பலியானதாக 2020-ல் வெளியான ஆய்வு ஒன்று கணித்தது. ஆண்டுக்கு சராசரி 58,000 உயிர்கள், பெரும்பாலும் கிராமங்களில். இரவில் மோட்டார் போட வரப்பில் நடப்பவருக்கு டார்ச் பொழுதுபோக்கு அல்ல.

நிறத்தைச் சரியாகக் காட்டும் எல்இடிகள் இப்போது இருக்கின்றன. சேகரிப்பாளர்கள் தேடிப்பிடித்து, கூடுதல் காசு கொடுத்து, பழைய பல்பின் நிறத்தை மீட்டுவிட்டார்கள். வரப்பில் நடப்பவரிடம் இருப்பதோ செல்போன் வெளிச்சம். அது காலடியைக் காட்டும், பத்தடிக்கு அப்பால் கரைந்துவிடும். அல்லது சந்தையில் வாங்கிய சார்ஜ் டார்ச். உள்ளே பெரும்பாலும் சின்ன ஈய பேட்டரி. ஒரு மாதம் சார்ஜ் போட மறந்தாலே அது படுத்துவிடும். பிரித்துப் பார்த்தால் மாற்ற எதுவும் இருக்காது, உபரி பல்பு உட்பட.