குப்பைன்னு திட்டாதீங்க!



"நீயெல்லாம் குப்பைடா" என்று நாம் திட்டுகிறோம். ஆனால் எங்க அப்பத்தாவுக்கு அது திட்டு இல்லை. "காட்டுக்குக் குப்பை அடிச்சாச்சா?" என்றுதான் கேட்கும். விவசாயிகளுக்குக் குப்பை என்றால் எரு!

எங்கள் வீட்டுக் கொல்லையில் முன்பு ஒரு குப்பைக்குழி இருந்தது. காய்கறித் தோல், சாணி, வாசல் கூட்டிய சருகு எல்லாம் அதில்தான் விழும். மட்கியதும் வண்டியில் ஏறிக் காட்டுக்குப் போகும். பிறகு குழியை மூடி சிமெண்ட் தளம் போட்டோம். அன்றிலிருந்து எல்லாவற்றையும் கேரிபேக்கில் கட்டி ரோட்டோரம் வீசினோம். நானே வீசியிருக்கிறேன்.

போன வருஷம் பக்கத்து வீட்டு மாடு வயிறு ஊதிப் படுத்துவிட்டது. டாக்டர் வயிற்றை அறுத்து எடுத்தது எல்லாம் கேரிபேக்! உள்ளே இருந்த பழத்தோலுக்காகப் பையோடு தின்றிருக்கிறது. மாடு பிழைத்துவிட்டது. ஆனால் அதில் எங்க வீட்டுப் பை எத்தனையோ என்று எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கேரிபேக்குக்குத் தடை. பை கொடுப்பது கடைக்காரர் தப்பு என்றால், அதில் பழத்தோலைக் கட்டி வீசுவது யார் தப்பு?

"குழி வெட்டினா நாத்தம் அடிக்குமே?" என்பீர்கள். காற்றுப் போகாமல் ஈரம் தேங்கினால்தான் நாத்தம். ஈரக் குப்பை ஒரு பங்கு போட்டால், காய்ந்த சருகு இரண்டு பங்கு போட்டு மூடணும். சாணி கரைத்துத் தெளிக்கணும். வாரம் ஒருமுறை கிளறணும். பிழிந்து பார்த்தால் கை ஈரமாகணும், தண்ணி சொட்டக்கூடாது. மீன், எலும்பு போட்டால் நாயும் எலியும் வரும், போடாதீர்கள். இரண்டு மூன்று மாதத்தில் மண்வாசனையோடு எரு தயார். இடமில்லாதவர்களுக்கு ஓட்டை போட்ட பழைய பக்கெட் போதும்.

இது புது விஷயமும் இல்லை. உழுவதைவிட எரு இடுவது நல்லது என்று 1038-வது குறளிலேயே வள்ளுவர் சொல்லிவிட்டார். ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1924 முதல் 1931 வரை இந்தூரில் ஆராய்ச்சி செய்து, சருகும் சாணியும் அடுக்கி எருவாக்குவதை 'இந்தூர் முறை' என்று உலகத்துக்கே சொன்னார். நம்ம அப்பத்தாக்களுக்கு அது பழக்கமான வேலை. நாம்தான் மறந்தோம்.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு பக்கெட் வைத்திருக்கிறேன். முதலில் அம்மா, "வீட்டுக்குள்ளயா குப்பையை வைப்பே?" என்று கத்தினார். இன்று அம்மாவே கத்தரிச் செடிக்கு அந்த எருவை அள்ளிப் போடுகிறார்.

நம் பள்ளியிலும் வேப்பஞ்சருகு இருக்கிறது, சத்துணவுக் கூடத்தில் காய்கறித் தோல் இருக்கிறது. மூன்றடிக் குழி ஒன்று வெட்ட ஆசிரியர்கள் அனுமதி தர வேண்டும். வெட்ட நாங்கள் தயார். கிளறுவதற்கு வாரம் ஒரு வகுப்பு என்று முறை வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் யாராவது உங்களைக் "குப்பை" என்று திட்டினால், கோபப்படாமல் நன்றி சொல்லுங்கள்!

– 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி, கீரனூர்