இருவர் நடைக்கு ஒரு மூன்றாமவர்

மணநாளை மலைப்பாதையில் இரண்டு மூன்று நாள் நடந்து கொண்டாட எண்ணும் தம்பதியரை இன்று பரவலாகக் காண்கிறோம். வரவேற்கத்தக்க விருப்பம் அது. கைப்பேசி எட்டாத இடத்தில் கணவனும் மனைவியும் மனம்விட்டுப் பேச நேரம் வாய்க்கிறது. ஒருவருக்கு மூச்சு வாங்கும்போது மற்றவர் நின்று காத்திருக்கப் பழகுகிறார். ஆயினும் ஒன்றை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறோம்: வாழ்க்கைக்கு இருவர் போதும், காட்டு வழிக்குப் போதாது.

மூணாறிலிருந்து சுமார் 13 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மாட்டுப்பட்டியையே எடுத்துக்கொள்வோம். நடப்பவர்களுக்கு இது பழைய ஊர். 1902இல் தொடங்கிய குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில்பாதை, மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி வழியாக டாப் ஸ்டேஷன் வரை சென்றது. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி தமிழகப் பக்கமுள்ள கோட்டகுடிக்கு இறங்கின. 1924ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அந்த ரயில்பாதையை அழித்தது. மனிதர் கட்டிய இருப்புப் பாதையையே ஒரு மழைக்காலம் துடைத்தெடுத்த மலை இது என்பதை நடக்கப் புறப்படுவோர் நினைவில் கொள்ளல் நலம்.

இம்மலைகளின் அழகும் ஆபத்தும் ஓரிடத்திலேயே இருக்கின்றன. சோலைக்காடும் புல்வெளியும் மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்து, ஆண்டு முழுவதும் ஓடைகளுக்குச் சிறிது சிறிதாகக் கொடுக்கின்றன. குன்றுகளுக்கிடையே தாழ்ந்த இடங்கள் சதுப்பாகின்றன. மேலே பார்த்தால் பசும்புல். கால் வைத்தால் சேறு. மழைக்காலத்தில் அட்டைக்கடியும் உண்டு. மாட்டுப்பட்டி நீர்த்தேக்கக் கரையின் புல்லை நாடி யானைக் கூட்டங்கள் வருகின்றன. மூடுபனி இறங்கிவிட்டால் வந்த வழியும் புலப்படாது.

இத்தகைய இடத்தில் இருவரில் ஒருவருக்குக் கணுக்கால் சுளுக்கிக்கொண்டால் என்ன நேரும்? மற்றவர் உடனிருந்தால் உதவி வராது. உதவி தேடிப் போனால் அடிபட்டவர் தனியராவார், தேடிப் போனவரும் தனியராவார். இந்தக் கணக்கை வீட்டிலிருந்தபடியே போட்டுப் பார்ப்பது நல்லது.

ஆள் மிகுந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. 2018 மார்ச் 11 அன்று, எல்லைக்கு இப்பால் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில் மலையேற்றக் குழுவினர் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். புதுமணத் தம்பதியரும் அவர்களுள் இருந்தனர். அங்கே ஆட்களுக்குக் குறைவில்லை. ஆகவே, இன்று இந்தக் காட்டுக்குள் போகலாமா என்பதை அறிந்து சொல்லக்கூடிய உள்ளூர்க்காரர் ஒருவர் வேண்டும். அவர் 'வேண்டாம்' என்றால் கேட்டுக்கொள்ளும் மனமும் நமக்கு வேண்டும்.

அதற்கான வழிகள் இப்போது உள்ளன. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 மலையேற்றப் பாதைகளை, முன்பதிவு, பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் ஆகியவற்றுடன் திறந்தது. கேரளப் பக்கத்தில் 2,640 மீட்டர் உயர மீசைப்புலிமலைக்குக் கேரள வன வளர்ச்சிக் கழகம் வழிகாட்டியுடன் அழைத்துச் செல்கிறது. ஒரு மாநிலத்தின் அனுமதிச் சீட்டு மறு மாநிலத்தின் காட்டுக்குச் செல்லாது. எல்லை கடக்கும் நடையைத் திட்டமிடுவோர் இரு பக்கத்து வனத்துறையையும் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும்.

வழிகாட்டி உடன் வந்தால் தனிமை கெடுமே என்று சிலர் தயங்குவர். இருபது அடி முன்னே நடப்பவரால் எவருடைய பேச்சும் கெடுவதில்லை. மேலும், இம்மலைகளில் தலைமுறைகளாக வாழும் முதுவர் முதலிய பழங்குடியினர் அறிந்த காட்டை நாம் எந்த வரைபடத்திலும் படிக்க முடியாது. அவ்வறிவுக்கு உரிய ஊதியம் கொடுப்பது முறை.

செலவுக் கணக்கிலும் இதே வரிசையை வேண்டுகிறோம். விலையுயர்ந்த காலணிக்கும் கேமராவுக்கும் முன்னதாக வழிகாட்டியின் கூலியை எழுதுங்கள். அதைச் செலவு என எண்ணாமல் காப்பீட்டுத் தவணை என எண்ணுங்கள். திரும்பி வரும் பயணத்துக்கும் மருத்துவத்துக்கும் ஒரு தொகையைத் தனியே வையுங்கள். 18 முதல் 70 வயதுக்குட்பட்ட வங்கிக் கணக்காளர்கள் ஆண்டுக்கு ரூ.20 செலுத்திச் சேரும் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டம், விபத்து மரணத்துக்கு ரூ.2 லட்சம் அளிக்கிறது. தனியார் பாலிசி வைத்திருப்போர், சாகச நடைகளுக்கு அதில் விலக்கு உண்டா எனப் படித்துப் பார்த்தல் வேண்டும்.

இறுதியாக, புறப்படுமுன் தம்பதியர் தமக்குள் ஓர் உடன்பாடு செய்துகொள்ளட்டும்: 'திரும்பிவிடலாம்' என்று இருவரில் எவர் முதலில் சொன்னாலும் மற்றவர் காரணம் கேட்கலாகாது. சிகரம் அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும். அதை மீண்டும் காண இருவரும் இருக்க வேண்டும் என்பதே நம் விருப்பம்.