ஓடும் காரில் பெல்ட் அறுந்தால்... ஃபேன் சுற்றுகிறதே என்று ஓட்டலாமா?

பெல்ட் தேய்ந்தால் தறி என்ன சத்தம் போடும் என்று பல்லடம், சோமனூர் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பெல்ட் அறுந்தால் மோட்டார் சுற்றிக்கொண்டே இருக்கும். தறி மட்டும் நின்றுவிடும். காரிலும் ஏறக்குறைய இதே கதைதான். ஒரே ஒரு வித்தியாசம்: பெல்ட் அறுந்த பிறகும் கார் ஓடும். சிக்கலே அங்குதான் ஆரம்பிக்கிறது.

திருப்பூரிலிருந்து காங்கேயம் வழியாகக் குடும்பத்தோடு ஊருக்குப் போய்க்கொண்டிருக்கிறீர்கள். பானெட்டுக்குள் 'பட்'டென்று ஒரு சத்தம். டேஷ்போர்டில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிகிறது. ஏ.சி. காற்று மெல்லச் சூடாகிறது. சில கார்களில் ஸ்டீயரிங்கும் கனத்துவிடும். ஆல்டர்னேட்டர் பெல்ட் அறுந்துவிட்டது என்பதற்கான அடையாளங்கள் இவை.

இனி என்ன செய்வது?

ஃபேனை நம்பி ஏமாறாதீர்கள்!

அம்பாசடர் காலத்தில் இதை 'ஃபேன் பெல்ட்' என்றுதான் சொல்வார்கள். ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் விசிறியை அந்த பெல்ட்தான் சுற்றும். அது அறுந்தால் விசிறி நின்றுவிடும். கொஞ்ச தூரத்திலேயே இன்ஜின் கொதித்துவிடும். எனவே யாரும் தொடர்ந்து ஓட்ட நினைக்க மாட்டார்கள்.

1983-ல் மாருதி 800 வந்தபோது இன்ஜினைக் குறுக்குவாட்டில் வைத்தார்கள். விசிறிக்குத் தனியாக ஒரு மின்மோட்டார் வந்தது. இன்றைய கார்களில் பெரும்பாலானவை இப்படித்தான். பெல்ட் அறுந்தாலும் பேட்டரி மின்சாரத்தில் ஃபேன் சுற்றும். அதைப் பார்த்துவிட்டு, "ஃபேன் ஓடுதே... வண்டி சூடாகாது" என்று பலரும் தைரியமாக ஓட்டுகிறார்கள்.

அது தவறு. ஃபேனின் வேலை ரேடியேட்டருக்குக் காற்றை இழுப்பது மட்டும்தான். இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே கூலன்ட்டை ஓடவைப்பது வாட்டர் பம்ப். பல கார்களில் அந்த பம்ப்பைச் சுற்றுவதும் இதே பெல்ட்தான். பம்ப் நின்றால் சூடான கூலன்ட் இன்ஜினுக்குள்ளேயே தேங்கிவிடும். ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் பயனில்லை. ரேடியேட்டரில் சென்சார் இருக்கும் பழைய கார்களில் இன்னொரு வேடிக்கையும் நடக்கும்: சூடான கூலன்ட் அதுவரை வந்து சேராததால் ஃபேன் சுற்றவே சுற்றாது!

முதல் கேள்வி: வாட்டர் பம்ப் எதில் ஓடுகிறது?

ஆல்டர்னேட்டர் பெல்ட்டிலேயே வாட்டர் பம்ப்பும் ஓடும் கார் என்றால் யோசிக்கவே வேண்டாம். பாதுகாப்பான இடம் பார்த்து ஓரம்கட்டி, இன்ஜினை நிறுத்திவிடுங்கள். 'இன்னும் ரெண்டே கிலோமீட்டர்தானே' என்று ஓட்டினால் அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்துபோகலாம்; கேஸ்கெட் போகலாம். பெல்ட்டுக்கு ஆகும் செலவு எங்கே, இன்ஜினைப் பிரிக்க ஆகும் செலவு எங்கே!

சில இன்ஜின்களில் வாட்டர் பம்ப்பை டைமிங் பெல்ட் சுற்றும். சிலவற்றில் அதற்கென்று தனி ஏற்பாடு இருக்கும். அந்தக் கார்களில் மட்டும்தான் கொஞ்ச தூரம் ஓட்டிப்போக வாய்ப்பு உண்டு. உங்கள் கார் எந்த ரகம்? நடுரோட்டில் நிற்கும்போது தேட வேண்டிய பதில் அல்ல இது. அடுத்த சர்வீஸில் மெக்கானிக்கிடம் கேட்டு, ஆர்.சி. புக் கவரிலேயே எழுதி வைத்துவிடுங்கள். தெரியவில்லையா? பம்ப்பும் இதே பெல்ட்டில்தான் ஓடுகிறது என்று எடுத்துக்கொண்டு வண்டியை நிறுத்துவதே நல்லது.

பேட்டரி எவ்வளவு தூரம் கூட வரும்?

பம்ப் ஓடும் கார் என்றால் அடுத்த கவலை மின்சாரம். ஆல்டர்னேட்டர் வேலை செய்யும்போது சுமார் 14 வோல்ட் கொடுத்து பேட்டரியைச் சார்ஜ் செய்துகொண்டே இருக்கும். அது நின்றதும், இருக்கிற சார்ஜை வைத்துதான் காலம் தள்ள வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிறிய பெட்ரோல் காரில் 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி இருக்கிறது. புதிதாக இல்லை என்பதால் அதில் பாதியை, அதாவது சுமார் 17-ஐ மட்டும் நம்பலாம்.

* பகலில்: ஃபியூவல் பம்ப், இன்ஜெக்டர், இக்னிஷன், இ.சி.யு. எல்லாம் சேர்ந்து சுமார் 10 ஆம்பியர். கணக்குப்படி ஒன்றரை மணி நேரத்துக்குமேல் வரும். நம்பிக்கையோடு சொல்வதென்றால் ஒரு மணி நேரம்.
* இரவில்: சாதாரண ஹாலஜன் ஹெட்லைட் இரண்டுக்கும் மேலும் 10 ஆம்பியர். நேரம் பாதியாகிவிடும்.
* இரவு, டிராஃபிக்கில்: ஃபேனும் விடாமல் ஓடினால் இன்னும் 15 ஆம்பியர் வரை போகும். மொத்தம் 35. அரை மணி நேரம்கூடத் தாங்காது.

காருக்குக் கார், பேட்டரிக்கு பேட்டரி இந்தக் கணக்கு மாறும். ஆனால் எது மின்சாரத்தை அதிகம் தின்கிறது என்பது இதிலிருந்தே புரிந்துவிடும்.

எதை அணைக்க வேண்டும்? எதை அணைக்கக் கூடாது?

* ஏ.சி. பட்டனை உடனே அணையுங்கள். பெல்ட் இல்லாமல் எப்படியும் குளிர் வராது. ஆனால் பட்டன் ஆனில் இருந்தால் பல கார்களில் ரேடியேட்டர் ஃபேனும் சேர்ந்து ஓடும், வீண் செலவு.
* புளோயர், மியூசிக் சிஸ்டம், சார்ஜர், பின்கண்ணாடி டீஃபாகர் எல்லாவற்றையும் அணையுங்கள். பவர் விண்டோவை ஒருமுறை இறக்கிவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள்.
* இன்ஜினை மட்டும் அணைக்காதீர்கள். மறுபடி ஸ்டார்ட் செய்ய ஸ்டார்ட்டர் மோட்டார் ஒரே மூச்சில் நூறு ஆம்பியருக்குமேல் இழுக்கும். சிக்னலில் தானாக இன்ஜின் அணையும் வசதி இருந்தால் அதற்கான பட்டனை ஆஃப் செய்துவிடுங்கள்.
* நிற்காமல் போகும் சாலையைத் தேர்ந்தெடுங்கள். 50 கி.மீ. வேகத்தில் சீராகப் போனால் எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். ஃபேனுக்கு வேலை குறையும். கம்பெனி விடும் நேரத்தில் திருப்பூர் நகருக்குள் நுழைந்தால் பத்தடிக்கு ஒருமுறை நிற்க வேண்டும். ஃபேனும் ஓடும், பேட்டரியும் காலியாகும்.
* வெப்பநிலை முள்ளில் ஒரு கண் இருக்கட்டும். ஏறத் தொடங்கினால் பயணம் அத்துடன் முடிந்தது.

பழைய டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சில மாடல்களில் பிரேக்குக்கு உதவும் வேக்குவம் பம்ப், ஆல்டர்னேட்டரின் பின்பக்கத்தில்தான் இருக்கும். பெல்ட் அறுந்தால் சில மிதிகளுக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும். பிரேக் பெடல் கனத்தால் ஒரு மீட்டர்கூட ஓட்டாதீர்கள்.

பனியன் துணியைக் கட்டி ஓட்டலாமா?

பெல்ட் அறுந்தால் பெண்கள் அணியும் நைலான் ஸ்டாக்கிங்ஸை முறுக்கிக் கட்டி ஓட்டலாம் என்பது வெளிநாட்டில் பிரபலமான பழைய யோசனை. ஸ்டாக்கிங்ஸும் பின்னலாடைதானே, பனியன் துணி மலிந்த ஊரில் அதையே கட்டிப் பார்த்தால் என்ன என்று தோன்றலாம்.

பனியன் துணி எதனால் உடம்புக்குச் சுகமாக இருக்கிறதோ, அதனாலேயே பெல்ட்டுக்கு ஆகாது. பின்னலில் நூல் வளையம் வளையமாகக் கோத்திருக்கும், இழுத்தால் நீளும். பெல்ட்டுக்கு நீளவே கூடாது. அதற்காகத்தான் ரப்பருக்குள் பாலியஸ்டர் போன்ற உறுதியான கயிறுகளை வைத்திருக்கிறார்கள். இரண்டு மூன்று புல்லியும் 'வி' வடிவப் பள்ளமும் இருந்த பழைய கார்களில் அந்த யோசனை கொஞ்ச தூரம் பலித்திருக்கலாம். ஐந்தாறு புல்லிகளைச் சுற்றி வளைந்து ஓடும் இன்றைய பட்டை பெல்ட்டுக்குப் பலிக்காது. துணி கழன்று புல்லியில் சுற்றிக்கொண்டால் புதுப் பிரச்னைதான். பனியன் வேஸ்ட், மெக்கானிக் கை துடைக்கவே இருக்கட்டும்.

நிறுத்தும்போது கவனம்!

பேட்டரி முழுக்கச் செத்த பிறகு நின்றால் ஹசார்டு விளக்கும் எரியாது. இரவில் சேலம் - கொச்சி நெடுஞ்சாலையில் விளக்கில்லாமல் நிற்கும் கார், பின்னால் வரும் லாரி டிரைவர் கண்ணுக்குத் தெரியாது. எனவே ஹெட்லைட் மங்க ஆரம்பிக்கும்போதே பெட்ரோல் பங்க், டீக்கடை என்று வெளிச்சமான இடமாகப் பார்த்து ஒதுங்கிவிடுங்கள். ஹசார்டுக்குக் கொஞ்சம் மின்சாரம் மிச்சம் இருக்க வேண்டும்.

2020 பிப்ரவரி 20 அதிகாலையில், அவிநாசி அருகே இதே நெடுஞ்சாலையில் ஒரு கன்டெய்னர் லாரி நடுத்தடுப்பைத் தாண்டி வந்து கேரள அரசுப் பேருந்தின்மீது மோதியது. 19 பேர் இறந்தார்கள். பெல்ட்டுக்கும் அந்த விபத்துக்கும் சம்பந்தமில்லை. ஆனால் கனரக வாகனங்கள் பறக்கும் அந்தச் சாலையின் ஓரம் நமக்கு எவ்வளவு பாதுகாப்பு என்பதை அது சொல்லிவிட்டது. குழந்தைகளையும் பெரியவர்களையும் காருக்குள் உட்கார வைக்காமல், இடதுபக்கமாக இறக்கி சாலைத் தடுப்புக்கு அப்பால் நிறுத்துங்கள். எச்சரிக்கை முக்கோணத்தைப் பின்னால் தள்ளி வையுங்கள். தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033, எந்த அவசரத்துக்கும் 112.

பானெட்டைத் திறக்கும்போது இன்னொன்று: இன்ஜின் அணைந்திருந்தாலும் எலெக்ட்ரிக் ஃபேன் திடீரென்று சுற்றலாம். கை, துப்பட்டா, வேட்டி நுனி எதுவும் அருகே போகக் கூடாது. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியையும் திறக்காதீர்கள்.

சொல்லாமல் அறுவதில்லை

காலையில் ஸ்டார்ட் செய்யும்போது 'கீச்' சத்தம், ஓரத்தில் பிசிறு, பள்ளங்களுக்கு நடுவே வெடிப்பு... பெரும்பாலும் பெல்ட் முன்கூட்டியே சொல்லிவிடும். இப்போது வரும் இ.பி.டி.எம். ரப்பர் பெல்ட்டுகளில் வெடிப்பு அவ்வளவாகத் தெரியாது. பள்ளம் தேய்ந்திருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். டென்ஷனரையும் ஐட்லர் புல்லி பேரிங்கையும் சேர்த்தே பார்க்கச் சொல்லுங்கள். அவை இறுகிப்போனால் புது பெல்ட்டும் சீக்கிரமே அறுந்துவிடும்.

மாற்றும்போது உங்கள் மாடலுக்கான பெல்ட் ஒன்றைக் கூடுதலாக வாங்கி டிக்கியில் போட்டுவையுங்கள். ராத்திரி பத்து மணிக்கு ஊத்துக்குளியில் ஒரு மெக்கானிக் கிடைத்துவிடுவார். உங்கள் காருக்கான பெல்ட் அவரிடம் இருக்கும் என்று சொல்ல முடியாது.