படம் பெரிதா, பார்வை பெரிதா?



காமிரா இல்லாத கையைக் காண்பது இன்று அரிது. ஞாயிறு விடிந்தால் போதும். புனே நகரத்து இளைஞர் கூட்டம் ஒன்று, தோளில் பையும், பைக்குள் முழங்கை நீளத்துக்கு லென்சுமாகப் புறப்பட்டுவிடுகிறது. பாஷாண் ஏரி, வேதாள் டேக்டி, உஜனி நீர்த்தேக்கம் என்று அவர்கள் செல்லாத இடம் இல்லை. மாலையில் திரும்பும்போது ஆயிரம் பறவைப் படங்களோடு திரும்புகிறார்கள். விடுமுறை நாளை வீண் பேச்சில் கழிப்பதைவிட இது எவ்வளவோ மேல். அதில் ஐயமில்லை. ஆயினும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஆயிரம் படம் எடுத்தவர்கள், ஒரு பறவையையேனும் பார்த்தார்களா?

இயற்பியல் பயில்பவன் நான். ஆய்வுக்கூடத்தில் எங்களுக்குக் கற்பிக்கப்படும் முதற்பாடம் ஒன்று உண்டு. சிறு கிண்ணத்து நீரின் வெப்பத்தை அளக்கப் பெரிய வெப்பமானியை இட்டால், அந்த வெப்பமானியே நீரின் வெப்பத்தை மாற்றிவிடும். அப்போது நாம் காண்பது நீரின் வெப்பத்தை அன்று. நம் குறுக்கீட்டின் விளைவை. பறவையைக் காணச் செல்பவருக்கும் இதுவே முதற்பாடமாக இருத்தல் வேண்டும். நம் வரவால் பறவை தன் செயலை நிறுத்திவிடுமானால், நாம் எடுத்த படம் பறவையின் வாழ்வைக் காட்டும் படம் அன்று. அதன் அச்சத்தைக் காட்டும் படம்.

இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. பீமா நதியின் குறுக்கே உஜனி அணை 1980ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. அதன் பின்னீர் பரந்து கிடக்கும் பிக்வண், நம் நகரிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவு. குளிர்காலத்தில் அங்கே பூநாரைகள் கூட்டங்கூட்டமாக வந்து இறங்குகின்றன. பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, நாவினால் நீரை உள்ளிழுத்தும் வெளித்தள்ளியும், அலகின் ஓரத்துச் சல்லடையில் சிக்கும் நுண்ணுயிர்களை உண்கிறது. உயிருலகில் இத்தகைய பொறியமைப்பு எங்கும் காணக் கிடைப்பதன்று. அதை அரை மணி நேரம் அசையாமல் இருந்து கண்டால் ஓராண்டுக்குச் சிந்திக்கலாம்.

ஆனால் படகில் செல்பவர்களிற் பலர் விரும்புவது அதனை அன்று. சிறகு விரித்துக் கூட்டம் முழுவதும் எழும் காட்சியே அவர்களுக்கு வேண்டும். சிறகின் உட்புறத்துச் செந்நிறம் படத்தில் விழ வேண்டும். “இன்னும் கொஞ்சம் கிட்டே போ” என்று படகோட்டியிடம் சொல்கிறார்கள். நான் சென்ற படகிலேயே இதைக் கேட்டேன். படகு நெருங்கியது, கூட்டம் எழுந்தது, காமிராக்கள் படபடத்தன. அரை மணி நேரத்தில் மற்றொரு படகு வந்தது. மீண்டும் அதே கதை. நெடுந்தொலைவு பறந்து வந்து, மீண்டும் பறப்பதற்கு வேண்டிய வலிமையை உணவால் சேர்த்துக்கொள்ளும் பறவைக்கு, ஒவ்வொரு முறை எழுப்பப்படுவதும் ஒரு வேளைச் சோறு பறிபோவதற்கு நிகர். படகோட்டியைக் குறை கூறிப் பயனில்லை. கேட்பவர் இருப்பதனால் அவர் ஓட்டுகிறார். குறை, படம் கேட்பவரிடம்.

அப்படியானால் பார்வை என்பது யாது? அதற்கும் நம் மராட்டிய மண்ணிலேயே மறக்கவொண்ணாத சான்று உண்டு. 1930ஆம் ஆண்டு. அலிபாகை அடுத்த கீஹிம் என்னும் கடற்கரைச் சிற்றூர். வேலையை இழந்து, மனைவியுடன் அங்கே தங்கியிருந்தார் ஓர் இளைஞர். வீட்டருகே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டத் தொடங்கின. மழைக்காலம் முழுவதும் மறைவாக அமர்ந்து, எந்தக் குருவி எந்தக் கூட்டில் என்ன செய்கிறது என்று நாள் தவறாமல் குறித்து வந்தார். அவர்தாம் சலீம் அலி.

அவர் கண்டது என்ன? ஆண் குருவி கூட்டைப் பாதியளவு கட்டி நிறுத்துகிறது. பெண் குருவிகள் வந்து, உட்புகுந்து, ஆராய்ந்து பார்க்கின்றன. ஒரு பெண் குருவி கூட்டை ஏற்றுக்கொண்ட பின்னரே ஆண் குருவி அதனை முழுமையாகக் கட்டி முடிக்கிறது. பெண் முட்டையிட்டு அடைகாக்கும். ஆணோ அடுத்த கூட்டைக் கட்டத் தொடங்கிவிடும்! ஒரு கூடு, ஒரு சோடி என்று எண்ணியிருந்தவர்களுக்கு இது புதுச் செய்தி. 1931ஆம் ஆண்டில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் இதனை அவர் எழுதினார். எத்தனையோ பேர் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போன கூடுதான். கண்டுபிடிப்புக்கு வேண்டியிருந்தது விலையுயர்ந்த கருவி அன்று. ஒரே இடத்தில் நாள்தோறும் அமரும் பொறுமை.

“அப்படியானால் காமிராவைத் தூக்கி எறியச் சொல்கிறாயா?” என்று நண்பர்கள் கேட்கலாம். இல்லை. கண்ணால் இயலாததைக் காமிரா செய்யும். கரிச்சான் குருவி மின்கம்பியிலிருந்து பாய்ந்து, வானிலேயே பூச்சியைக் கவ்வித் திரும்புவதைக் கண் தொடர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. நம் கையிலுள்ள செல்போன்கள் பலவற்றில் நொடிக்கு 240 படங்கள் எடுக்கும் வசதி இருக்கிறது. அவற்றை நொடிக்கு 24 வீதம் ஓட்டினால் ஒரு நொடி பத்து நொடியாக விரிகிறது. வால் எப்போது திரும்பிற்று, சிறகு எப்போது மடங்கிற்று என்று அப்போதுதான் தெரிகிறது.

அறிஞர் பலர் சினிமாவை இவ்வாறு பயன்படுத்தியுள்ளனர். ஜூலியன் ஹக்ஸ்லி 1934ஆம் ஆண்டில் கானெட் என்னும் கடற்பறவைகளின் வாழ்வைப் படமாக்கினார். அது பின்னர் ஆஸ்கார் பரிசும் பெற்றது. கடற்காக்கைகளின் சைகைகளை ஆராய்ந்த நிக்கோ டின்பர்கன், 1973ஆம் ஆண்டு நோபல் பரிசை மற்றும் இருவரோடு பகிர்ந்துகொண்டவர். அவரும் கையில் படக்கருவியோடு உழைத்தவரே. நம் தமிழகத்தில் மா. கிருஷ்ணன் இருந்தார். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய மாதவையாவின் மகன். 1950 முதல் 1996இல் மறையும் வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளேட்டில் இயற்கையைப் பற்றி எழுதி வந்தார், தமிழிலும் எழுதினார். அவர் எடுத்தவை கறுப்பு வெள்ளைப் படங்கள். வண்ணம் இல்லை என்று எவரும் வருந்தியதில்லை. அவற்றில் விலங்கும் பறவையும் தம் வேலையைத் தாம் பார்த்துக்கொண்டிருந்தன.

ஆகவே, பகை காமிராவோடு அன்று, அவசரத்தோடு. ஒரு பறவைக்கு ஒரு நொடி என்று எண்ணிக்கை ஏற்றுபவன் வேட்டைக்காரனின் தம்பி. துப்பாக்கிக்குப் பதில் லென்சு. பாடம் செய்த தலைக்குப் பதில் படம்.

இதை நான் அணி நயத்துக்காகச் சொல்லவில்லை. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில், ‘வேட்டை’ என்னும் சொல்லுக்குத் தந்துள்ள பொருளைப் படித்துப் பாருங்கள். காட்டுப் பறவையின் முட்டைக்கோ கூட்டுக்கோ இடையூறு செய்வதும் வேட்டையே என்கிறது சட்டம். அப்படியிருக்க, மழைக்காலத்தில் கொங்கணத்து மண்கரைகளில் வளை தோண்டிக் கூடு வைக்கும் அந்தச் சின்னஞ்சிறு வண்ண மீன்கொத்தியின் வாயிலில் காமிராக்காரர்கள் வரிசை கட்டி நிற்பதை என்னவென்பது? இரை கொண்டு வரும் தாய் வாயிலை அணுக அஞ்சித் தயங்கும் ஒவ்வொரு நிமிடமும் உள்ளே குஞ்சுகள் பசித்திருக்கும். பதிவு செய்த குரலை ஒலிக்கச் செய்து ஆண் பறவையை வரவழைப்பவர்களும் இருக்கிறார்கள். பகைவன் வந்துவிட்டான் என்று அது பதறி ஓடிவருகிறது. இல்லாத பகைவனைத் தேடி அலைகிறது. நமக்கு ஒரு படம்; அதற்கு ஒரு போர்!

நம் கட்கிக்கு வருவோம். 1869ஆம் ஆண்டிலிருந்து வெடிமருந்துத் தொழிற்சாலை இருக்கும் ஊர் இது. பாதி நிலம் பட்டாளத்தாருடையது. காமிராவைத் தூக்குமுன் திசை பார்க்க வேண்டும். ராணுவ நிலத்தின் பக்கம் திருப்புதல் கூடாது. ஆனால் முளா ஆற்றங்கரையில் நின்று ஒரு குருவியைக் காணும் கண்ணுக்கு யார் தடை விதித்தார்கள்? அந்த வகையில், பார்வையை முதலாகவும் படத்தைப் பின்னதாகவும் கொள்ளக் கட்கியே நமக்குக் கற்பிக்கிறது எனலாம்.

ஆற்றோரத் திடல்களில் சிவப்பு மூக்கு ஆள்காட்டி இருக்கிறது. கோடையில், திறந்த வெளியில், கூழாங்கற்களுக்கிடையே முட்டையிடும் பறவை. தாயும் தந்தையும் மாறி மாறி நின்று முட்டைகளுக்கு நிழல் தருகின்றன. நீரில் மார்பை நனைத்து வந்து அவற்றைக் குளிர்விக்கின்றன. சித்திரை வெயிலில் நீங்கள் பத்து நிமிடம் அருகே நின்றால் அவை கூட்டுக்குத் திரும்பமாட்டா. முட்டைக்குள் இருக்கும் உயிர் வெந்துபோகும். அறுபது எழுபது அடி தள்ளி மரநிழலில் அமர்ந்து பாருங்கள். அப்போதும் அது கத்தினால் இன்னும் தள்ளிப் போங்கள். சற்று நேரத்தில் அது உங்களை மறந்து தன் வேலைக்குத் திரும்பும். காட்சி அப்போதுதான் தொடங்குகிறது.

தமிழ் மன்றத்துக்கும் பறவைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பாரும் உளர். ஆள்காட்டி என்னும் பெயரையே எண்ணிப் பாருங்கள். ஆள் வருவதைக் கூவிக் காட்டும் பறவை என்று, அதன் நடத்தையைக் கண்டு நம் முன்னோர் பெயரிட்டனர். மராட்டியர் அதன் ஒலியைக் கேட்டு ‘டிடவி’ என்றனர். நாம் கரிச்சான் என்று நிறத்தைச் சொன்னோம். அவர்கள் ‘கோத்வால்’ என்று காவற்காரனாக்கினர். காக்கையையும் பருந்தையும் அது துரத்துவதைக் கண்ட கண்கள் அவை. இரு மொழியும் பேசி வளரும் நமக்கு இரண்டு பார்வைகளும் சொத்து. ஆனால் நம்மில் எத்தனை பேருக்குப் பத்துப் பறவைகளின் தமிழ்ப்பெயர் தெரியும்? மதுரையில் குளிரில் நடுங்கிய சத்திமுத்தப் புலவர், ஊரிலிருக்கும் மனைவிக்கு நாரையைத் தூது விட்டார் என்பதை எல்லாரும் அறிவோம். ஊர் விட்டு வந்தவர் அவர், நம்மைப்போல. அந்த வேளையிலும் நாரையின் அலகை அவர் உற்றுப் பார்த்திருந்தார் என்பதை எத்தனை பேர் கவனித்தோம்?

நூலறியாத சிற்றூர் மக்களும் நமக்கு ஆசிரியர்கள். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடியை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் அஞ்சும் என்று தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. நெல்லைச் சீமையின் கூந்தன்குளத்தில் வீட்டு முற்றத்து மரத்திலேயே நாரைகள் குடும்பம் நடத்துகின்றன. ஊரார் அவற்றை விரட்டுவதில்லை. பறவை அஞ்சாத ஊரே பறவையைப் பார்ப்பதற்கு ஏற்ற ஊர்!

மேலும் ஒரு காரணம் உண்டு, அது அவசரமானது. புனேயின் ஆற்றங்கரைகளை 44 கிலோமீட்டர் நீளத்துக்கு மாற்றி அமைக்கும் மாநகராட்சித் திட்டம் நடைபெறுகிறது. அது நன்றா, தீதா என்ற வாதம் ஊரெங்கும் இருக்கிறது. வாதம் எப்படி முடியினும், இன்று எந்தக் கரையில் எந்தப் பறவை கூடு கட்டுகிறது, எந்த மாதத்தில் வருகிறது, எதை உண்கிறது என்ற குறிப்பு இருந்தால்தான் நாளை எது அழிந்தது, எது பிழைத்தது என்று சொல்ல முடியும். அழகான படம் இதற்குச் சான்றாகாது. நாளும் நேரமும் இடமும் செயலும் குறித்த படமே சான்று. 2023ஆம் ஆண்டில் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை குறித்த அறிக்கை, ஏறத்தாழ 30,000 பேர் தந்த 3 கோடிக் குறிப்புக்களைக் கொண்டு 942 இனங்களை ஆராய்ந்தது. அவர்களில் பெரும்பாலோர் பேராசிரியர்கள் அல்லர், நம்மைப் போன்றவர்கள்.

ஆதலின் மன்றத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். ஒன்று: தமிழகத்தில் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடந்து வருகிறது. அதே நாட்களில் நாமும் முளா ஆற்றங்கரையில் கணக்கெடுப்போம். மராட்டிய நண்பர்களையும் அழைப்போம். இரண்டு: செல்போனை ஒரு தாங்கியில் நிறுத்தி, தொலைவிலிருந்து, வெட்டாமல் பதினைந்து நிமிடம் ஒரே பறவையைப் படம்பிடித்து, அதனுடன் அரைப்பக்கக் குறிப்பும் எழுதித் தருவோருக்கு நம் மலரில் இடம் தருவோம். மூன்று: கூட்டின் அருகே எடுத்த படம் எவ்வளவு அழகாயினும் நம் மலரில் இடம்பெறாது என்று தீர்மானம் செய்வோம்.

செலவு ஒன்றும் இல்லை. வேண்டுவது பொறுமை ஒன்றே. அதை எந்தக் கடையிலும் விற்கவில்லை. ஆற்றங்கரையில் இலவசமாகக் கிடைக்கிறது. மழை தொடங்கினால் தூக்கணாங்குருவி நார் கிழிக்க வந்துவிடும். அது வருமுன் நாம் அமரும் இடத்தைத் தேர்ந்துவைப்போம், வாரீர்!